நிக்கர்: ஒரு சொல்லாராய்ச்சி

திருப்பூர் இரயில் நிலையத்துக்கு அணித்தாய், பனியன்களும் ஜட்டிகளும் கட்டுக்கட்டாக நடைபாதை வரை வழிந்து கிடக்கும் காதர்பேட்டைச் சந்துகளுள் ஒன்றிலே, பள்ளிக்கூடம் திறக்குமுன் பேரனுக்கு இரண்டு நிக்கர் வாங்கிவிடலாம் என்னும் சாமானியமான நோக்கத்தோடு சென்ற வைகாசியில் நுழைந்த நான், ஒரு சொல்லின் சரித்திரத்தை விசாரிக்கும்படி நேரும் என்று எண்ணியவன் அல்லன். “நிக்கருங்களா? பையனுக்குங்களா, பாப்பாவுக்குங்களா?” என்று கேட்டார் கடைக்காரர். பெண் குழந்தைக்கு நிக்கர் எதற்கு என்று நான் விழித்ததைக் கண்டு, பலகையின் அடியிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து என்முன் வைத்தார். உள்ளே சிறுமியர்க்கான ஐந்து ஜட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்துப் பூ. மேலே ஒட்டியிருந்த அட்டையில் இங்கிலாந்துப் பவுன் கணக்கில் ஒரு விலையும், ‘ஐந்து நிக்கர்கள்’ என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் இருந்தன. “எக்ஸ்போர்ட் சர்ப்ளஸுங்க. அவுங்க ஊர்ல இதுக்குப் பேரு நிக்கராமுங்க. நம்மூரு நிக்கர் அந்தப் பக்கம் தொங்குது பாருங்க” என்றார். அந்தப் பக்கம், காக்கியும் நீலமுமாய், இரு புறமும் பை வைத்து இடுப்பில் எலாஸ்டிக் தைத்த அரைக்கால் சட்டைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரே சொல் கடலுக்கு அப்பால் சிறுமியரின் உள்ளாடையையும், இக்கரையில் சிறுவரின் வெளியாடையையும் குறிப்பது எங்ஙனம், அச்சொல் எங்கே பிறந்தது, யார் வாயிற் குறுகியது என்னும் வினாக்களை ஆராயப் புகுவோர், தையற்கூடத்திலும் துணிக்கடையிலும் தேடி அலுத்துக் கடைசியாக வந்து நிற்குமிடம் ஒரு நகைச்சுவைப் புத்தகம். நிக்கர் என்பது ஒரு மனிதரின் பெயர். அம்மனிதரோ ஒருபோதும் பிறந்தவர் அல்லர்.

வாஷிங்டன் இர்விங் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தம் இருபத்தாறாம் வயதில், நியூயார்க் நகரம் ஆங்கிலேயர் கைப்படுமுன் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலத்துச் சரித்திரத்தைப் பரிகாசமாக எழுதி முடித்தார். அதைத் தம் பெயரால் வெளியிட விரும்பாமல், டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்னும் முதிய டச்சுப் பண்டிதர் ஒருவரைச் சிருஷ்டித்து, நூலை அவர் தலையில் கட்டினார். அதோடு நின்றிருந்தால் அது நம் எழுத்தாளர் பலரும் புனைபெயர் சூடிக்கொண்ட சங்கதியாகவே முடிந்திருக்கும். அவரோ 1809 அக்டோபர் 26-ஆம் நாள் ‘ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வெளிவரச் செய்தார்: பழைய கறுப்புக் கோட்டும் மடித்த விளிம்புத் தொப்பியும் அணிந்த சிறிய உருவமுள்ள கிழவர் ஒருவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து காணாமற் போய்விட்டார், அவருக்குச் சித்த சுவாதீனம் முழுமையாக உண்டென்று சொல்வதற்கில்லை, கண்டவர் தெரிவிக்கவும் என்று. சில நாள் கழித்து, வழியில் அவரைக் கண்டதாக ஒரு பிரயாணியின் கடிதம் வந்தது. அப்பால் விடுதிக்காரரின் அறிவிப்பு: கிழவர் அறையில் விசித்திரமான கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது, அவர் திரும்பி வந்து வாடகைப் பாக்கியைத் தீர்க்காவிட்டால் அதை விற்று ஈடு செய்துகொள்ள நேரும் என்று. நகரமே கிழவருக்காக இரங்கிக்கொண்டிருந்த சமயத்தில், டிசம்பர் 6-ஆம் நாள் புத்தகம் கடைக்கு வந்தது. வாடகைப் பாக்கியை முன்னிறுத்திப் புத்தகம் விற்ற சாமர்த்தியம் நம் பதிப்பாளர் எவருக்கும் இன்றளவும் கைவரவில்லை என்பதை இடையே சொல்லி வைக்கிறேன்.

இனி, நிக்கர்பாக்கர் என்னும் பெயரும் இர்விங்கின் கற்பனையா என்பது முதல் வினா. கற்பனை அன்று; நியூயார்க் மாநிலத்தின் ஸ்காட்டிகோக் என்னும் ஊரில் அப்பெயருடைய டச்சு வமிசத்தார் முன்னரே வாழ்ந்தனர், அவருள் ஒருவர் இர்விங்குக்கு நண்பர். பெயர் மெய், பெயரை உடையவர் பொய் என்று இதனைத் தீர்க்கலாம். பெயரின் பொருள் பற்றி மூன்று அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு இர்விங்கே விளையாட்டாகக் கட்டியவை: கிண்ணத்தை ஆட்டுவோர், அதாவது குடியர் என்று ஒன்று, புத்தகத்தின்மேல் தலையாட்டித் தூங்குவோர் என்று மற்றொன்று. இரண்டாவதே சரியென்று அவர் தம் நூலில் முடிவு கட்டியிருப்பதால், அது சரியன்று என்று நாம் கொள்ளலாம். மூன்றாவது சொல்லாராய்ச்சியாளர் பலரும் கூறுவது. டச்சு மொழியில் ‘நிக்கர்’ என்பதற்குக் கோலிக்குண்டு என்று பொருள். ‘பாக்கர்’ என்றால் சுடுபவர். ஆகவே களிமண் கோலிகளைச் சூளையில் சுட்டு விற்ற குடும்பத்தின் தொழிற்பெயர் அது. நம் ஊர்ச் சிறுவன் நிக்கர்ப் பையில் கோலிகளை நிரப்பிக் கலகலவென்று ஓசை எழ ஓடும்போது, பையின் உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் ஒரே பெயர் என்பதை அவனோ, அவன் காற்சட்டையைத் துவைத்துத் துவைத்துச் சலித்த அவன் தாயோ அறிய வழியில்லை.

ஒரு கிழவரின் பெயர் எவ்வாறு ஓர் உடையின் பெயராயிற்று என்பதே விவாதத்துக்கு இடமான பகுதி. முதற்கட்டத்தில் ஐயமில்லை: பெயர் புத்தகத்திலிருந்து ஊருக்குத் தாவிற்று. பழைய டச்சுக் குடும்பத்தினரும், பின்னர் நியூயார்க்வாசிகள் அனைவருமே நிக்கர்பாக்கர்கள் எனப்பட்டனர். 1848-இல் நூலைத் திருத்தி வெளியிட்டபோது, தம் பாத்திரத்தின் பெயரால் சங்கங்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் நீராவிப் படகுகளும் ரொட்டியும் பனிக்கட்டியும் விற்பனையாவதை இர்விங் முன்னுரையில் வியப்போடு பட்டியலிடுகிறார். அவர் பட்டியலில் உடை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடைக்கு அப்பெயர் வழங்கும் ஆதாரம் முதலிற் கிடைப்பது அமெரிக்காவில் அன்று, இங்கிலாந்தில், 1859-இல். பிரெஞ்சுக்காரர் படையெடுப்பர் என்னும் அச்சத்தால் அங்கே தொண்டர் படைகள் திரண்ட அவ்வாண்டில், அவர்களுக்கு நீண்ட காற்சட்டைக்குப் பதிலாக, முழங்காலுக்குக் கீழே பிடித்துக் கட்டும் தளர்ந்த ‘நிக்கர்பாக்கர்’ தகும் என்று எல்கோ பிரபு ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் இர்விங் காலமானார். தாம் படைத்த கிழவர் சிப்பாய்களின் கால்களில் ஏறிக்கொண்டிருந்த செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

நியூயார்க்வாசிகளுக்குச் சூட்டிய பெயர் இங்கிலாந்துக் காற்சட்டைக்கு வந்த வழியை விளக்குவோர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்னும் பிரபல சித்திரக்காரரைச் சாட்சிக்கு அழைப்பர். இர்விங்கின் நூலுக்கு ஆங்கிலப் பதிப்பில் அவர் வரைந்த படங்களில் டச்சுக்காரர் அனைவரும் முழங்காலளவில் பொம்மிப் பருத்த காற்சட்டையோடு காட்சியளிக்கின்றனர். அப்படங்களைப் பார்த்துப் பழகிய ஆங்கிலேயர், அதே வடிவில் புதிய உடை வந்ததும் ‘இது நிக்கர்பாக்கர்’ என்றனர் என்பது ஐதிகம். பெரிய ஆக்ஸ்போர்டு அகராதியும் இதைத் தன் முடிபாகக் கூறாமல், ‘கூறப்படுகிறது’ என்னும் வேலிக்கு அப்பால் நின்றே சொல்கிறது. எனக்கோ இவ்விளக்கம் ஏற்புடையதாகவே தோன்றுகிறது. புத்தகம் பிறந்த நாட்டில் அன்றிப் படம் பரவிய நாட்டில் உடைக்குப் பெயர் முளைத்தது என்பது ஒன்றே, அது நூலின் வாசகத்திலிருந்து அன்றி நூலின் சித்திரத்திலிருந்து வந்தது என்பதற்குத் தக்க அநுமானப் பிரமாணமாகும்.

நம் இலக்கணத்தார் இதனைப் பார்த்திருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பர். அவர்கள் கூறும் ஆகுபெயர்களுள் உவமையாகுபெயர் என்று ஒன்று உண்டு. பாவை போன்றவளைப் பாவை என்றே அழைப்பது அது. நிக்கர்பாக்கர் அணிந்ததைப் போன்ற உடையை நிக்கர்பாக்கர் என்றதும் அவ்வகையினதே. ‘பாலை இறக்கு’ என்றால் பாலைக் கொண்ட குடத்தை இறக்கு என்று பொருள்படுவதுபோல, உள்ளிருக்கும் பொருளின் பெயர் அதைத் தாங்கும் பொருளுக்கு ஆவது தானியாகுபெயர். இதனையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காற்சட்டைகளின் விஷயத்தில் இதற்கும் வேலை வரும்.

நீண்ட பெயரை நீண்ட நாள் சுமப்பது ஆங்கிலேயர் வழக்கமன்று. நிக்கர்பாக்கர்ஸ் என்பது நிக்கர்ஸ் ஆயிற்று. 1880-களுக்குள் அக்குறுக்கம் மகளிர் பாவாடைக்குள் அணிந்த, முழங்காலில் சுருக்கிக் கட்டிய உள்ளுடைக்கும் சென்றது. பின்பு பாவாடை குட்டையாகக் குட்டையாக உள்ளுடையும் குறுகிற்று. பெயர் மட்டும் குறுகாமல் அப்படியே ஒட்டிக்கொண்டது. காதர்பேட்டைக் கடைக்காரர் எடுத்துக் காட்டிய பூப்போட்ட பை அந்தக் கிளையின் கடைசிக் கொழுந்து. அமெரிக்காவிலோ சொல் பழைய பொருளிலேயே நின்று, சிறுவரும் கால்ப் விளையாடுவோரும் அணிந்த முழங்கால் உடையைக் குறித்தது.

இந்தியாவுக்கு வந்தது மூன்றாவது கிளை. பட்டாளத்தின் வழியாகவும் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் வந்த இச்சொல், இங்கே முழங்காலில் கட்டும் பட்டியை இழந்து, பாதித் தொடையோடு நின்றுவிடும் அரைக்கால் சட்டையைக் குறிக்கலாயிற்று. நிறமோ பெரும்பாலும் காக்கி. அதுவும் புழுதி என்னும் பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்து, பஞ்சாப் எல்லைப் படையினர் வழியாக உலகத்துச் சேனைகளுக்கெல்லாம் நாம் கொடுத்த சொல். காக்கி நிக்கர் என்னும் தொடரில் ஆசியாவின் புழுதியும் அமெரிக்காவின் கற்பனையும் கைகோத்து நிற்கின்றன. இந்தியிலும் மராத்தியிலும் இதே பெயர் வழங்குகிறது. தமிழில் அது வந்தபோது நாற்காலிகள் யாவும் காலியாக இருக்கவில்லை. அரபு மொழியின் இஸார் என்பதோடு உறவுடைய நிஜார் முன்பே அமர்ந்திருந்தது. இழுத்து மாட்டுவது என்னும் பொருளில் ஆங்கிலத்திலிருந்து வந்த டிராயர் வேட்டிக்குள் மறைந்திருந்தது. டவுசர் தெருவெல்லாம் திரிந்தது. கோடு போட்ட பட்டாபட்டி, சந்தைக்குப் போகும் விவசாயியின் பணத்தை உட்பையில் காத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு போட்டிக்கிடையே நிக்கர் தனக்கென்று பள்ளிச் சிறுவனைப் பிடித்துக்கொண்டது. அதன் உருவமும் அதற்கு உதவியிருக்கக் கூடும். புலவர், வணிகர், நிக்கர் என்று அடுக்கிப் பார்த்தால், அது பலர்பால் விகுதியோடு மரியாதையாக நிற்கும் தமிழ்ச் சொல்போலவே காதில் விழுகிறது. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறங்கிய கிழவருக்குத் தமிழ் தன்னையறியாமல் ‘அர்’ விகுதி கொடுத்து அழைப்பது ஒரு விநோதம்.

இச்சொல்லைத் தனியே எடுத்து வியப்பது போதாது. பின்னலாடைத் தொழிலின் சொற்களஞ்சியத்தில் அதன் அயலாரையும் பார்க்க வேண்டும். திருப்பூரில் ஓடும் துணிகளுள் முதன்மையான சிங்கிள் ஜெர்சி, கம்பளிப் பின்னலுக்குப் பேர்போன ஓர் ஆங்கிலக் கால்வாய்த் தீவின் பெயர், பெர்முடாவும் தீவே. இவை இடவாகுபெயர். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக வெட்டித் தைக்கும் ராக்லன் கை, வாட்டர்லூ யுத்தத்தில் வலக்கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர். குழந்தையின் கவுனுக்குள் அணிவிக்கும் புளூமர், மகளிர் உரிமைக்காகப் பத்திரிகை நடத்திய அமீலியா புளூமர் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் பெயர்; அவர் அதைத் தாமே கண்டுபிடித்தவர் அல்லர், 1851-இல் தம் பத்திரிகையில் ஆதரித்து எழுதியதற்காகப் பழியும் பெயரும் அவரைச் சேர்ந்தன. இவ்விருவரும் மெய்யாக வாழ்ந்தோர்.

ஊருக்கே பெயரளித்த பனியனின் கதை இவற்றினும் ரசமானது. வணிஜ் என்னும் வடசொல்லின் வழியே குஜராத்தில் வாணியா என்று வழங்கிய வியாபாரி, போர்த்துக்கீசியர் வாயில் பனியன் ஆனான். பாரசீக வளைகுடாத் துறைமுகத்தருகே அவன் சகாக்கள் கூடிய ஆலமரமும் ஆங்கிலத்தில் அவன் பெயரையே பெற்றது. அவன் அணிந்த தளர்ந்த அங்கியைப் பார்த்து, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் ஓய்வாக இருக்கையில் அணியும் நீண்ட அங்கியைத் தைத்துக்கொண்டு அதற்கும் பனியன் என்றே பெயரிட்டனர். அவ்வங்கிகளுட் பல சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியால் ஆனவை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் அவர் நண்பர் யூலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியில், பனியன் முதலில் மஸ்லினால் ஆன உட்சட்டையாக இருந்து, தங்கள் காலத்தில் நீண்டு சுருங்கும் பின்னற்பருத்தி உள்ளாடையைக் குறிக்கலாயிற்று என்று எழுதிவைத்தனர். திருப்பூருக்குக் கல்கத்தாவிலிருந்து பின்னற்பொறி வந்திறங்கியது 1920-களில்தான் என்பது ஊரார் வழங்கும் வரலாறு. ஆகவே தொழில் வருமுன்பே சொல் ஆயத்தமாகக் காத்திருந்தது. வியாபாரியிலிருந்து பிறந்த சொல் ஒரு வியாபார நகரின் பட்டப்பெயராய் வந்து அமர்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேலே வியாபாரி எனில் கீழேயும் வியாபாரியே. பேண்ட் என்று நாம் வழங்கும் சொல், பதினாறாம் நூற்றாண்டு முதல் இத்தாலியத் தெருக்கூத்துகளில் ஆடிய பந்தலோனே என்னும் பாத்திரத்தின் பெயர். அவன் வெனிஸ் நகரத்துக் கிழட்டு வர்த்தகன்; மகா லோபி; காலோடு ஒட்டிய சிவந்த காற்சட்டையும் கறுப்புப் போர்வையுமாக வந்து, பணத்தையும் இளம்பெண்களையும் துரத்தி, இரண்டிலும் ஏமாறுவதே அவன் தொழில். வெனிஸ் மக்கள் கொண்டாடிய ஓர் அர்ச்சியசிஷ்டரின் பெயரை அந்நகரத்துப் பிள்ளைகளுக்குப் பெருவாரியாக இட்டதால், அது பாத்திரத்துக்கும் வந்தது. அவன் காற்சட்டையின் பெயர் பாண்டலூன் ஆகி, 1840-ஆம் ஆண்டளவில் அமெரிக்கர் வாயில் பேண்ட்ஸ் என்று குறுகிற்று. உடுத்தவன் பெயர் உடுப்புக்கு ஆனதால் இதுவே நான் முன்னே சொல்லிவைத்த தானியாகுபெயர். ஆக, முழுக்காலும் அரைக்காலும் ஆகிய இருவகைக் காற்சட்டைகளும் இரு கற்பனைக் கிழவர்களின் பெயரையே பூண்டுள்ளன. ஒருவர் கஞ்சன், மற்றவர் வாடகைப் பாக்கிக்காரர். திருப்பூரின் ஏற்றுமதிச் சரித்திரத்தைச் சொல்வோர், 1978-இல் பம்பாய் வழியாக வெள்ளை டீ-ஷர்ட் தேடி வந்த வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளரைத் தவறாமற் குறிப்பிடுவர். வெரோனா, வெனிஸ் இருக்கும் மாகாணத்திலேயே உள்ள மற்றொரு நகரின் பெயர். பந்தலோனேயின் மாகாணத்தார் ஒருவர்தாம் கதவைத் தட்டினார் என்று கற்பனை செய்துகொள்வதில் நட்டமில்லை. இன்று அக்கதவின் வழியாக ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளியேறுகிறது.

கதையிலிருந்து ஆங்கிலம் கொண்ட பிற சொற்களையும் இங்கே ஒரு கண் பார்க்கலாம். குழந்தைகளின் கவுனில் வட்டமாகப் படுத்திருக்கும் பீட்டர் பான் காலர், பாரி என்பவர் 1904-இல் அரங்கேற்றிய நாடகத்தின் வளராத சிறுவனுடையது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவ்வேடம் புனைந்த மோட் ஆடம்ஸ் என்னும் நடிகையின் உடையிலிருந்தே அந்தக் காலர் பரவிற்று. எதிர்பாராமல் நற்பொருளைக் கண்டடைவதற்கு ஆங்கிலத்தில் உள்ள செரண்டிபிட்டி, இலங்கைத் தீவின் மூன்று இளவரசர் கதையிலிருந்து ஹோரஸ் வால்போல் 1754-இல் ஆக்கியது. அக்கதை ஐரோப்பாவில் முதலில் அச்சேறியதும், வாசகர் ஊகித்திருப்பர், வெனிஸில். செரண்டிப் என்பதைச் ‘சேரன் தீவு’ என்று பிரித்து மகிழும் தமிழன்பர் உளர். அது சிங்களத்வீபம் என்பதன் திரிபு என்பதே அறிஞர் முடிபு. ஆசை சொல்லாராய்ச்சிக்குப் பிரமாணமாகாது.

ரோபோ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது நின்று பேசலாம். செக் நாட்டுக் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் மனிதருக்காக உழைக்கச் செய்யப்பட்ட செயற்கை மாந்தருக்கு இப்பெயர். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவர் தமையனார் யோசெப். செக் மொழியில் ரோபோதா என்பது நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் வெட்டி என்பதும் அதுவே. ஆதலால் ரோபோ என்பதற்கு எந்திர மனிதன் என்பதினும் வெட்டியாள் என்பதே சொல்லுக்குச் சொல் பொருத்தம்; ஆனால் இன்று வெட்டி என்றால் வேலையில்லாமை என்று ஆகிவிட்டதால் அப்பிரயோகம் நகைப்புக்கு இடமாகும். பனியன் துணியைத் தைக்கும் வேலை ரோபோவின் கைக்கு இன்னும் சரிவரப் பிடிபடவில்லை. துணியை அடுக்கி வெட்டப் பொறி வந்துவிட்டது. வெட்டிய துண்டோ தொட்டால் துவள்கிறது, இழுத்தால் நீள்கிறது, விட்டால் ஓரம் சுருண்டுகொள்கிறது. அதன் போக்கறிந்து ஊசியின் கீழே செலுத்துவது மனித விரல்.

நம் மொழியும் கதாபாத்திரங்களைச் சொற்களாக்கத் தயங்கியதில்லை. கலகம் மூட்டுபவன் நாரதர், தூங்குமூஞ்சி கும்பகர்ணன், வஞ்சகன் சகுனி என்பன இதிகாச புராணங்களிலிருந்து வந்தவை. காதலில் தோற்றுத் தாடி வளர்த்தவனைத் தேவதாஸ் என்கிறோமே, அது சரத்சந்திரர் 1917-இல் வெளியிட்ட வங்க நாவலின் நாயகன், 1953-இன் படத்தின் வழியாகத் தமிழன் ஆனவன். ஆயினும் இவையாவும் மனிதன் பெயர் மனிதனுக்கு ஆனவை. உடைக்கு வந்தால், அவ்வாண்டு ஓடிய படத்தின் பெயரைத் தீபாவளிச் சேலைக்குச் சூட்டும் நம் ஜவுளிக்கடை வழக்கம் ஒன்றே நிக்கருக்கு நெருங்கிய உறவு. அச்சேலைகள் அடுத்த தீபாவளிக்குள் பெயரிழந்துவிடுகின்றன. நிக்கர் நூற்றறுபது ஆண்டுகளாக நிற்கிறது.

இத்தனை பெயர்களோடும் நித்திய வியவகாரம் செய்யவேண்டியவர் யார் என்றால், ஏற்றுமதிக் கம்பெனிகளில் வெளிநாட்டாரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் மெர்ச்சண்டைசர்களே. இங்கிலாந்தார் வெஸ்ட் என்றால் நம் கையில்லாப் பனியன். அமெரிக்கர் அப்படிச் சொன்னால் கோட்டுக்குள் அணியும் அரைக்கோட்டு. இங்கிலாந்தில் பேண்ட்ஸ் ஜட்டி. அமெரிக்காவிலும் அவிநாசிச் சாலையிலும் அது முழுக்காற்சட்டை. ஜம்பர் என்பது ஒரு கரையில் ஸ்வெட்டர், மறுகரையில் சிறுமியர் சட்டைமேல் அணியும் கையில்லாக் கவுன். இந்நுட்பங்களைக் கல்லூரியில் எவரும் கற்பிப்பதில்லை. ஆர்டர் சீட்டே ஆசிரியர். பெயர் சொல்ல வேண்டாத ஒரு கம்பெனியில், லண்டனிலிருந்து வந்த நிக்கர் ஆர்டருக்குத் துணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர், அந்நாட்களில் அங்கே வேலை பார்த்த என் உறவினரிடம், “தம்பி, பாக்கெட் துணி கணக்குலயே வரலீங்களே?” என்று கவலையோடு கேட்டாராம். முப்பது ஆண்டுகள் துணி வெட்டிய கை அவருடையது. நிக்கர் என்றால் பை இருக்க வேண்டும் என்று அவர் கொண்டதில் பிழையில்லை. அவர் அறிந்த நிக்கருக்குப் பையே லட்சணம்.

இவ்வாறு இரண்டு பொருள்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் சொல்லை நம் அகராதி எவ்வாறு பதிவு செய்யும்? சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகன் அச்சாகி முடிந்தது 1936-இல், அநுபந்தம் 1939-இல். திருப்பூரின் பின்னல் தொழில் அப்போது தவழும் குழந்தை. ஆதலின் அத்தொழிலில் பிறந்த சொற்களை அப்பேரகராதியில் தேடுவது நியாயமன்று. நிக்கரை அயற்சொல் என்று ஒதுக்குவோர்க்கு என் விடை, அதைச் சிறுவர்க்கான பை வைத்த அரைக்கால் சட்டை என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்குவதில்லை, நாமே வழங்குகிறோம் என்பது. பொருள் நம்முடையதானபின் சொல்லும் நம்முடையதே.

அதைவிட அவசரமான காரியம் வேறு உண்டு. தையற்கூட வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று தொங்கும் பலகையைப் படித்துப் பாருங்கள். பிளாட்லாக் அங்கே பேட்லாக் ஆகியிருக்கும். ஒற்றை ஊசித் தையற்பொறி, அதைச் செய்த கம்பெனியின் பெயரால் சிங்கர் ஆகி, அதில் தைப்பவர் சிங்கர் டைலர் ஆகியிருப்பார். அவரருகே நின்று வெட்டிய துண்டுகளை எடுத்துக்கொடுத்து, மடிக்க வேண்டியதை மடித்து, தைத்து வருவதை வாங்கி அடுக்கும் உதவியாளுக்குக் கைமடி என்று பெயர். இவ்வளவு அழகான காரணப்பெயரை எந்தப் புலவர் குழுவும் கூடி ஆக்கவில்லை. கம்பெனிகளில் உழைப்போரும் அவர்தம் படித்த பிள்ளைகளும், தாங்கள் கேட்டு வளர்ந்த இத்தகைய சொற்களைப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைமடியை முதலில் எழுதுங்கள். சில கம்பெனிகளில் இன்று அந்த ஆள் இல்லை.